தானியமா, தண்ணீரா, செடியா: நகர வீட்டில் பறவைகளுக்கு எதை முதலில் வைப்பது?

பறவை பார்க்கும் ஆசை வந்ததும் எல்லார் கையும் முதலில் போவது தானிய டப்பாவுக்குத்தான். என் கையும் அங்கேதான் போனது. மூன்றாவது மாடி, நாலடி அகலத்தில் ஒரு பால்கனி, கிழக்குப் பார்த்தது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலத் தட்டு ஒன்றில் கம்பும் தினையும் கலந்து கைப்பிடிச் சுவர்மேல் வைத்தேன். மூன்றாம் நாளே ஒரு ஜோடிச் சிட்டுக்குருவி வந்து இறங்கியது. அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போது நினைத்தாலும் மனசை நிறைக்கிறது. பத்து நாள் கழித்து ஒரு மாடப்புறா. அடுத்த வாரம் ஐந்து. இரண்டு மாதம் ஆனபோது, விடிவதற்கு முன்பே இருபது இருபத்தைந்து புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிட்டுக்குருவி அந்தப் பக்கமே வரவில்லை. கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் எச்சம். அந்த வீட்டு அக்கா மாடியேறி வந்து, "நீங்க ஆசையாத்தான் வைக்கிறீங்க, தெரியுது. ஆனா எங்க அம்மாவுக்கு இளைப்பு இருக்குங்க" என்றார். அன்றே தட்டை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆறேழு வருஷமாக அதே நாலடி இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்த் தட்டு, பூச்செடி, கூடுப்பெட்டி, திரும்பவும் தானியம் (இந்தமுறை வேறு மாதிரி), இடையில் சில மாதம் எதுவும் வைக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டம் உள்ள நண்பர்கள் வீட்டிலும் இதையே கவனித்திருக்கிறேன். நகரத்தில் இருக்கிற நமக்கு இடமும் குறைவு, நேரமும் குறைவு. ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு இப்போது நான் தயங்காமல் சொல்வது: தண்ணீர். இரண்டாவதாக ஒன்று முடியுமென்றால் செடி. தானியம் கடைசியில், அதுவும் சில நிபந்தனைகளோடு. ஏன் அப்படி என்பதைத் தானியத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள்.

தானியம்: சீக்கிரம் பலன், சீக்கிரம் சிக்கல்

தானியத்துக்கு உள்ள பெரிய பலம் வேகம். செடி நட்டால் பூக்கக் காத்திருக்க வேண்டும். தானியம் வைத்தால் சில நாளில் பறவை கண்ணெதிரே வந்துவிடும். பைனாகுலர் வேண்டாம், பயிற்சி வேண்டாம். ஆண் சிட்டுக்குருவியின் தொண்டையில் உள்ள கறுப்புத் திட்டையும், பெண்ணுக்குக் கண்ணுக்குப் பின்னால் ஓடும் வெளிர் கோட்டையும் ஒரு குழந்தை தானாகவே பிரித்தறியும். பனி மூடும் நாடுகளில் குளிர்காலத் தீனி பறவையின் உயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. பிளாக்கேப் என்ற சிறு பறவையின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இனப்பெருக்கம் செய்யும் பிளாக்கேப்கள் குளிர்காலத்தில் தெற்கே போவதுதான் வழக்கம். 1960-களிலிருந்து அவற்றில் ஒரு பகுதி தெற்கே போகாமல் பிரிட்டனுக்கு வரத் தொடங்கியது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் மக்கள் வைக்கும் தீனி இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்பது ஆய்வுகளில் தெரிந்தது. நம் கையிலிருந்து போகும் ஒரு பிடி விதை ஒரு பறவை இனத்தின் வலசைப் பாதையையே மாற்றும் அளவுக்கு வலுவுள்ளது. அதனால்தான் யோசித்து வைக்க வேண்டும் என்கிறேன்.

நகரத்தில் தானியம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதே என் முதல் தயக்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தார்கள். சில வீட்டுத் தோட்டங்களில் ரொட்டியும் விதையும் ஒன்றரை ஆண்டு தொடர்ந்து வைத்தார்கள். வேறு சில தோட்டங்களில் எதுவும் வைக்கவில்லை. 2015-இல் முடிவுகள் வெளியாயின. தீனி வைத்த தோட்டங்களில் சிட்டுக்குருவியும் புள்ளிப்புறாவும் பெருகியிருந்தன. இரண்டுமே அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்த மண்ணுக்கே உரிய, பூச்சி தின்னும் ரிரோரிரோ என்ற சாம்பல்நிறச் சிறு பறவை அதே தோட்டங்களில் குறைந்துபோனது. யாரும் அதை விரட்டவில்லை. தானியம் தின்னும் கூட்டத்துக்கு நாம் பந்தி விரித்தால், தானியம் தின்னாத பறவைக்கு அங்கே உட்கார இடமில்லாமல் போய்விடுகிறது.

என் பால்கனியில் நடந்ததற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்குக் கண் திறந்தது. மாடப்புறாவின் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையில் பால்போன்ற ஒரு கூழ் சுரக்கும். ஆண், பெண் இரண்டுக்குமே சுரக்கும். குஞ்சு பொரித்த முதல் நாட்களில் அதைத்தான் ஊட்டும். ஆகவே புறாவுக்குப் பூச்சி தேவையே இல்லை. தானியமும் தண்ணீரும் ஒரு சிமென்ட் திட்டும் இருந்தால், ஒரு தடவைக்கு இரண்டு முட்டை என்று வருஷம் முழுக்க அது குஞ்சு பொரித்துக்கொண்டே இருக்கும். சிட்டுக்குருவி அப்படி இல்லை. வளர்ந்த குருவி தானியம் தின்னும், ஆனால் முதல் நாட்களில் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும்தான். பூச்சியில்லாத நகரத்தில் எவ்வளவு தானியம் கொட்டினாலும் சிட்டுக்குருவியின் கூடு நிறையாது, புறாவின் கூடு நிறையும். சிட்டுக்குருவிக்கு என்று நினைத்து நான் வைத்த ஒவ்வொரு பிடியும் புறாவின் அடுத்த ஈட்டுக்கே போயிருக்கிறது.

புறாவை நான் வெறுக்கவில்லை. கூட்டமாக ஒரே சமயத்தில் சிறகடித்து எழும்பும்போது அழகான பறவைதான். ஆனால் அடுக்குமாடியில் காய்ந்த எச்சத்தின் தூளையும் இறகுத் தூளையும் நாள் கணக்கில் சுவாசிப்பது சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003-இலும், வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் 2008-இலும் புறாவுக்குத் தீனி போடுவதைத் தடை செய்தார்கள். உங்கள் ஊரிலும், உங்கள் குடியிருப்புச் சங்கத்திலும் விதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது.

இரண்டாவது தயக்கம் நோய். காட்டில் பத்து மரங்களில் சிதறி மேயும் பறவைகளை ஒரே தட்டில் வாயோடு வாய் சேர்த்து நிறுத்துகிறோம் என்பதை மறக்கக்கூடாது. அமெரிக்காவில் 1994-இல் ஹவுஸ் ஃபிஞ்ச் என்ற குருவிகளுக்குக் கண் வீங்கி, பார்வை போய், தட்டுகளுக்குக் கீழே விழத் தொடங்கின. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி, தீனித் தட்டு வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவியது. பிரிட்டனில் 2005 வாக்கில் கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைக் குருவிக்கு டிரைக்கோமோனோசிஸ் வந்தது. இது தொண்டையில் புண்ணாகி விழுங்க முடியாமல் செய்யும் நோய். அந்த நாட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகத் திரிந்த அந்தப் பறவை 2021-இல் ஆபத்துப் பட்டியலில் சிவப்பு நிறத்துக்குப் போனது. அந்த நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீனி மேசைகளைத் தான் விற்பதை 2025-இல் நிறுத்திவைத்தது. எத்தனையோ பேர் ஆசையாகச் செய்யும் காரியமாக இருந்தாலும், தட்டில் எச்சமும் எச்சிலும் கலந்தால் கிருமிக்கு அந்த ஆசை தெரியாது.

இத்தனைக்குப் பிறகும் தானியம் வைக்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சரியாக வந்தது இது. தட்டு வேண்டாம். குழாய் மாதிரி நின்று, பக்கவாட்டில் சிறு ஓட்டையும் பறவை நிற்கக் குட்டையான குச்சியும் உள்ள ஃபீடர் வாங்குங்கள். அதைச் சுற்றி நாலு செ.மீ. இடைவெளியுள்ள கம்பிக்கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. சிறு குருவி உள்ளே நுழையும், புறாவும் காகமும் நுழையாது. தினை, சூரியகாந்தி விதை இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள். பத்துத் தானியம் கலந்த பாக்கெட்டில் பாதியைப் பறவைகள் அலகால் தள்ளிக் கீழே கொட்டும், கொட்டியது எலிக்குத்தான் போகும். காலையில் போட்டது இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவுக்குப் போட்டால் போதும். ரொட்டி வயிற்றை நிரப்பும், உடம்புக்கு ஒன்றும் தராது. உப்புப் போட்ட எதையும் வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்த தானியத்தைப் "பறவைதானே" என்று தள்ளிவிடுவது பெரிய தவறு, அது அவற்றைக் கொன்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஃபீடரைக் கழற்றி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்தபடி ஆளைக் கண்டும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் அன்றே ஃபீடரை இறக்கிவிடுங்கள், குறைந்தது இரண்டு வாரத்துக்கு. இதையெல்லாம் செய்ய நேரமில்லை என்பவர் தானியம் வைக்காமல் இருப்பதே பறவைக்குச் செய்யும் உதவி.

தண்ணீர்

தானியம் தின்னாத பறவை நிறைய உண்டு. தண்ணீர் வேண்டாத பறவை நகரத்தில் அநேகமாக இல்லை. என் முதல் இடத்தைத் தண்ணீருக்குக் கொடுப்பதற்கு இதுதான் காரணம். பூச்சி தின்பவை, பழம் தின்பவை, தேன் குடிப்பவை, தானியம் பொறுக்குபவை எல்லாம் ஒரே தட்டுக்கு வரும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் வாயைத் திறந்து, தொண்டையைத் துடிக்கவிட்டுத்தான் உடம்பின் சூட்டை வெளியேற்றும். அப்படி மூச்சு வாங்கும்போது உடம்பிலுள்ள நீர் வேகமாகக் குறையும். நகரத்தில் குட்டை மூடிவிட்டது, வாய்க்கால் சாக்கடையாகிவிட்டது. ஏ.சி. குழாயில் சொட்டும் நீருக்குக் காகம் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதிலும் தட்டு எப்படிப்பட்டது என்பது முக்கியம். நான் முதலில் வைத்தது பளபளப்பான எவர்சில்வர் கிண்ணம். ஐந்து அங்குல ஆழம். பத்து நாளாகியும் ஒரு பறவைகூட இறங்கவில்லை. வழுக்கும், ஆழம் தெரியாது, வெயிலில் கொதிக்கும். பிறகு பழைய மண்தட்டு ஒன்றை மாற்றினேன். விளிம்பிலிருந்து நடுவுக்கு மெல்லச் சரிந்தது, சொரசொரப்பானது. நடுவிலும் ஆழம் ஐந்து செ.மீ.யைத் தாண்டாது. விளிம்புப் பக்கம் இரண்டரை செ.மீ. நடுவில் ஒரு தட்டையான கல், தண்ணீருக்கு மேலே அரை விரல் தெரியும்படி. நாலாம் நாள் காலையில் ஒரு சின்னான் (புல்புல்) வந்தது.

அந்த முதல் குளியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முதலில் சுவரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து ஒரு பக்கக் கண்ணால் தட்டைப் பார்த்தது. பறந்துபோனது. திரும்பி வந்து கல்மேல் இறங்கியது. ஒரு வாய் அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கியது. இன்னொரு வாய். பிறகு மார்பை மட்டும் சட்டென்று தண்ணீரில் முக்கி எடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தது. அப்புறம் பயம் போய்விட்டது. இரண்டு சிறகாலும் தண்ணீரை அடித்து முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு, வாலை விசிறியாக விரித்து, என் ஜன்னல் கண்ணாடிவரை தெறிக்கவிட்டது. கொண்டை நனைந்து தலையோடு ஒட்டி, வேறு ஏதோ பறவை மாதிரி ஆகிவிட்டது. செடிக்கொம்பில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாக அலகில் இழுத்துக் கோதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. தானியத் தட்டில் பறவை கொத்தும், ஓடும். தண்ணீர்த் தட்டில் தங்கும். பார்ப்பவருக்குக் கிடைக்கும் நேரத்தில் இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் அள்ளித் தலையை உயர்த்தித்தான் விழுங்கும். புறாவோ அலகை உள்ளே வைத்து, தலை நிமிராமல், நாம் ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரி உறிஞ்சிக் குடிக்கும். புறா தண்ணீருக்கும் வரும். ஆனால் குடித்துவிட்டுப் போய்விடும். நாளெல்லாம் உட்கார்ந்திருக்க அங்கே அதற்கு ஒன்றும் இல்லை.

தண்ணீருக்கும் கடமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய்நாரோ பிரஷோ போட்டு ஒரு தேய் தேய்த்து, புதிதாக ஊற்ற வேண்டும். சோப்பு தேவையில்லை. கொசுவைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். வெப்பமான நாட்களில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றும் வீட்டில் கொசு பிறக்க வழியே இல்லை. நான் சொன்ன தொண்டைப் புண் நோய் தண்ணீர் வழியாகவும் பரவும் என்பதால், நோய்ப் பறவையைக் கண்டால் தானியத்துக்குச் சொன்ன அதே விதி இதற்கும் பொருந்தும். வேலை நாளொன்றுக்கு மூன்று நிமிஷம். பல் தேய்க்கப் போகும்போதே தட்டையும் எடுத்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன், அதனால் மறப்பதில்லை.

செடி

வேகத்தில் செடி கடைசி. ஆனால் வரும் பறவையின் வகையில் அது முதலிடம். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால், தானியம் ஒரே மாதிரிப் பறவைகளை நிறையக் கொண்டுவருகிறது. செடி விதவிதமான பறவைகளை ஒன்றிரண்டாகக் கொண்டுவருகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

காரணம் பூச்சி. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்ளஸ் டாலமி என்ற பூச்சியியல் அறிஞர் ஒரு கணக்கை எல்லார் மனதிலும் பதியவைத்தார். கரோலைனா சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவை ஒரு ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்கள் வேண்டும். அவ்வளவு புழுவையும் யாரும் ஃபீடரில் வைக்க முடியாது. செடியும் மரமும்தான் வைக்க முடியும். அதுவும் அந்த மண்ணுக்கே உரிய செடியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்துப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக அந்த இலையைத் தின்னப் பழகியிருக்கின்றன. நர்சரியில் அழகுக்கு விற்கும் வெளிநாட்டுச் செடியில் ஓர் இலைகூடக் கடிபடாமல் இருந்தால், அது பறவைக்குச் சாப்பாடு இல்லாத செடி என்று அர்த்தம். இலையில் ஓட்டை விழுந்தால் சந்தோஷப்படக் கற்றுக்கொள்ளச் சில மாதம் பிடித்தது. பூச்சிமருந்து அடிப்பதை அன்றோடு நிறுத்தினேன்.

பால்கனிக்காரர்கள் "எங்கே இடம்?" என்பார்கள். பத்துச் சின்னத் தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய தொட்டி வையுங்கள். இரண்டு அடி ஆழமுள்ள தொட்டியில் ஆளுயரப் புதர்ச்செடி ஒன்று வளர்ந்துவிட்டால் பறவைக்கு அது மரம். குழல் வடிவச் சிவப்புப் பூ பூப்பதாக இருந்தால் தேன்சிட்டு தேடி வரும். அமெரிக்கக் கண்டங்களில் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வரும். மண்ணில் தோட்டம் உள்ளவர்கள் பழம் பழுக்கும் புதர் ஒன்றை வேலியோரம் வைத்தால் அதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லை. பூ வாடியதும் கத்தரித்துவிடாமல் விதையாகும்வரை விட்டுவிடுங்கள், தானியம் தின்னும் குருவிக்கு அதுவே போதும். அப்படித் தண்டில் தொங்கும் விதையைப் புறாவால் எட்டித் தின்ன முடிவதில்லை. ஃபீடர் போட்ட சண்டையை ஒரு காய்ந்த செடித்தண்டு தீர்த்துவைப்பதைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

தண்ணீரும் செடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மழை விட்ட ஒரு மாலையில் பார்த்தேன். தேன்சிட்டும் தையல்சிட்டும் தட்டில் இறங்கிக் குளிப்பது அபூர்வம். அவை நனைந்த இலைமேல் உடம்பைத் தேய்த்து உருண்டு குளிக்கும். அதைப் பார்த்த பிறகு, வெயில் நாளில் காலை எட்டு மணிக்குள் செடிமேல் பூவாளியால் தூறலாகத் தண்ணீர் தெளிக்கிறேன். தட்டுக்கு வராத இரண்டு பறவைகள் அதற்கு வருகின்றன.

கூடுப்பெட்டி, சர்க்கரைத் தண்ணீர்

இவை இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூடுப்பெட்டி நல்லதுதான், ஆனால் அது முதல் வேலை இல்லை. சுற்றுப்புறத்தில் பூச்சி இல்லாத இடத்தில் பெட்டி வைத்தால், கூடு கட்டிய பறவை குஞ்சுக்கு ஊட்ட வழியில்லாமல் தவிக்கும். செடி வளர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகு வையுங்கள். சிட்டுக்குருவிக்கு 32 மி.மீ. ஓட்டை போதும், அதற்குமேல் பெரிதாக்கினால் மைனா பிடித்துக்கொள்ளும். ஓட்டைக்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். குருவிக்கு அது தேவையில்லை, குஞ்சைத் தூக்க வரும் காகத்துக்குத்தான் அது உதவும். நேர் மேற்கு வெயில் படாத சுவராகப் பாருங்கள்.

சர்க்கரைத் தண்ணீர் ஃபீடர் ஓசனிச்சிட்டு உள்ள நாடுகளில் பெரிய வழக்கம். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். தேன் கூடாது, சிவப்புச் சாயம் கூடாது. வெயிலில் இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். மற்ற நாடுகளில் பூச்செடியே போதும் என்பது என் எண்ணம்.

எங்கே வைப்பது

எதை வைத்தாலும் இடம் தவறினால் நாமே பறவையைக் கொல்வதாகிவிடும். அமெரிக்காவில் மட்டும் கட்டடக் கண்ணாடியில் மோதி ஓராண்டில் 36.5 கோடியிலிருந்து 98.8 கோடிப் பறவைகள்வரை சாகின்றன என்று 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரத்தையும் நிஜமென்று நம்பிப் பறந்து வருகின்றன. தட்டையோ ஃபீடரையோ ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். ஒரு மீட்டருக்குள் இருந்தால் மிரண்டு எழும்பும் பறவைக்கு வேகம் பிடிக்க நேரமிராது, மோதினாலும் அடி பலமாக இராது. நடுத்தூரம்தான் ஆபத்து. பெரிய கண்ணாடி என்றால் வெளிப்பக்கம் ஐந்து செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு கழுகுப் படம் ஒட்டுவதில் பயனில்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு மீதிக் கண்ணாடியில் மோதும்.

அடுத்தது பூனை. தரையில் தட்டு வைப்பவர்கள், அடர்ந்த புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். புதர் ஒட்டியே இருந்தால் பூனை பதுங்கும், வெகு தூரத்தில் இருந்தால் நனைந்த பறவை பறந்து ஒளிய முடியாது. வீட்டுப் பூனை வெளியே திரியும் வீடென்றால் தரைமட்டத்தில் எதையும் வைக்காதீர்கள். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

பார்ப்பதற்கு

கேமராவா, பைனாகுலரா என்று கேட்டால் பைனாகுலர். கேமரா கையில் இருந்தால் படம் சரியாக வந்ததா என்பதிலேயே கண் போய்விடுகிறது. 8x42, 10x42 என்று இரண்டு விற்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மி.மீ. கணக்கில். வீட்டுக்கு 8x42 போதும். கை நடுக்கம் குறைவாகத் தெரியும், பார்வைப் பரப்பு அகலம், விடியல் வெளிச்சத்தில் படம் பளிச்சென்று இருக்கும். பெட்டியில் இன்னொரு எண்ணைத் தேடிப் பாருங்கள்: மிகக் கிட்டத்தில் எவ்வளவு தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்பது. பால்கனிக்காரருக்கு அது இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை, நமக்கு அதுதான் முக்கியம்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை எழுதி வாருங்கள். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும், 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் இணையதளத்தில் அதையே பதிவிடலாம். 1998-இல் ஆரம்பித்து 2013 முதல் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும். பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எண்ணினாலே சேர்ந்துகொள்ளலாம். பால்கனியில் பார்த்த ஆறு சிட்டுக்குருவியும் அங்கே ஒரு தகவல்.

உங்கள் வீட்டுக்கு எது?

அடுக்குமாடி, ஏற்கெனவே புறாத் தொல்லை, வீட்டில் இளைப்பு உள்ளவர் ஒருவர் இருக்கிறார் என்றால் தானியத்தை மறந்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டு ஒன்றும் பெரிய தொட்டிச் செடி ஒன்றும் போதும். தட்டுக்கும் புறா கூட்டமாக வர ஆரம்பித்தால், காலை இரண்டு மணி நேரம் மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். கொல்லையில் கொஞ்சம் மண் உள்ளவர்கள் செடியில் ஆரம்பித்து, அதன் நிழலோரம் தண்ணீர் வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யும் பொறுமை இருந்தால் கம்பிக்கூண்டு ஃபீடரை மூன்றாவதாகச் சேர்க்கலாம். பனி பெய்யும் நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும்: குளிர்காலத்தில் தானியமும் உறையாத தண்ணீரும் முதலில், வசந்தம் வந்ததும் தானியத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வெறும் ஜன்னல் மட்டும் உள்ளவர்கள் ஒன்றும் வைக்க வேண்டியதில்லை. எதிரே ஒரு மரமிருந்தால் விடிந்த முதல் ஒரு மணி நேரம் அதையே பார்த்திருங்கள். நான் எதுவும் வைக்காமல் இருந்த மாதங்களில்தான் பறவைகளின் குரலைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்குத் தண்ணீரைத்தான் சொல்வேன். தினமும் தட்டைக் கழுவி ஊற்றும் வேலையை நாலு வயதுப் பிள்ளை பெருமையாக ஏற்றுக்கொள்ளும். கழுவியதும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவப் பழக்கிவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்பதையும் முடிவெடுக்கும் முன்பே யோசியுங்கள். தானியம் நின்றுபோனால் பறவை பட்டினி கிடந்து செத்துவிடாது, வேறு இடம் தேடிக்கொள்ளும். ஆனாலும் கடும் குளிரில் திடீரென்று நிறுத்தாமல் ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஃபீடரைக் காலிசெய்து கழுவிக் காயவைத்துவிட்டுப் போங்கள், உள்ளே மிச்சமிருப்பது ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். செடிக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவைக்கலாம், அல்லது ஒரு பாட்டிலில் ஓட்டை போட்டுச் சொட்டவிடலாம். தண்ணீரை மட்டும் நிரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாலு நாள் நின்ற தண்ணீர் பறவைக்கும் நல்லதில்லை, கொசுவுக்குத்தான் நல்லது. பூட்டும் முன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். திரும்பி வந்து நிரப்பினால் இரண்டு நாளில் சின்னான் வந்துவிடும்.